உப்புக் காற்றில் ஒரு கான்டசா

கான்டசா காரை முதலில் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முன்சக்கரத்தின் மேலே நிமிர்ந்து கிளம்பும் கோடு, கதவுகளின் அருகே வரும்போது மெல்லத் தணிந்து ஒடுங்குகிறது. பின்கதவின் கைப்பிடியைத் தாண்டியதும் மறுபடி பூரித்து எழுந்து, டிக்கியின் விளிம்பில் போய் அடங்குகிறது. இந்த ஒடுக்கமும் பூரிப்பும்தான் வண்டியின் எழில். வேறெந்த அலங்காரமும் இல்லாமல், ஒரே தகரத்தின் வளைவில் ஓட்டத்தையும் நிதானத்தையும் ஒருசேரக் காட்டிவிட்டார்கள். நிற்கிற வண்டி கிளம்பப்போகிறது என்ற எண்ணத்தை அந்தக் கோடு ஒவ்வொரு முறையும் உண்டாக்குகிறது. ஓட்டுநர் கதவருகே குனிந்து, கண்ணைக் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து, முன்னிருந்து பின்னாகப் பார்வையை ஓடவிட்டுப் பாருங்கள். விலை பேசுவதற்கு முன் இதைச் செய்யாதவர் எதற்குப் பணம் தருகிறோம் என்றே தெரியாமல் தருகிறார்.

நான் சொல்லும் வண்டி பழவேற்காட்டில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் வேப்ப மரத்தடியில் நின்றது. எதிரே விரிந்த உவர்நீர். அதற்கு அப்பால் பசியாவரம். வீட்டுப் பெரியவர் விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். வாங்கிச் சீர்செய்து ஓட்ட வேண்டும் என்று என் நண்பருக்கு நெடுநாள் ஆசை. இருவருக்கும் பொதுவாக நான் ஒரு விலை சொல்ல வேண்டும். பழைய வண்டிக்கு விலை சொல்வதைக் கணக்கு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ரசனை வேலை. எது அரிது, எது காசு கொடுத்தால் கிடைக்கும், எங்கே கைத்திறன் இருக்கிறது, எங்கே வெறும் பூச்சு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு விலை தானாகவே தெரியவரும்.

வண்டியின் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வாக்ஸ்ஹால் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த விக்டர் எஃப்.இ. என்ற காரின் உடல்தான் கான்டசாவின் உடல். வாக்ஸ்ஹால் 1925-லேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துப் பிள்ளையாகியிருந்தது. அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளையான பான்டியாக், 1964-ல் ஜி.டி.ஓ. என்ற காரில் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து 325 குதிரைத்திறனோடு தெருவில் இறக்கியது. 'மசில் கார்' என்ற வகையை ஊரறியச் செய்தது அதுதான். நீண்ட பானெட்டும் ஒடுங்கிய இடையும் பூரித்த பின்புறமுமாக அந்தக் காலத்து டெட்ராய்ட் வடிவங்களுக்கு இருந்த மிடுக்கு, கடல் கடந்து லூட்டன் வரைபடத்திலும் படிந்தது. விக்டரின் வாரிசுகள் 1978-ல் நின்றுபோக, அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, ஹூக்ளிக் கரை உத்தரபாராவுக்குக் கொண்டுவந்தது. 1984-ல் கான்டசா சாலைக்கு வந்தது. 2002 வரை வந்துகொண்டிருந்தது.

முதலில் அதற்குக் கிடைத்தது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். அந்தப் பெரிய உடலுக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் வந்து சேர்ந்தபோதுதான் வடிவத்துக்கேற்ற வேகம் வாய்த்தது. 88 குதிரைத்திறன் என்றால் இன்றைய பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் இந்தியச் சாலையில் அன்று பின்சக்கரம் தள்ளும் ஒரு பெரிய கார், மூன்றாம் கியரில் சத்தமே காட்டாமல் இழுத்துக்கொண்டு போனதை அனுபவித்தவர்கள் இன்றும் அதை வாய் நிறையச் சொல்வார்கள். 'இந்தியாவின் மசில் கார்' என்று ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய தகுதி எஞ்சினில் பாதி, உடலின் நிமிர்வில் மீதி என்பேன்.

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் வழியில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்த ஊர். பிப்ரவரி வெயிலில் அங்கே நின்று எஞ்சின் உறுமலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இந்தப் பக்கத்தில் உண்டு. பெரியவரும் அந்தத் தலைமுறைதான். ஏரிக்கரையில் ஒரு கான்டசா எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் பானெட்மேல் கையை வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

இப்போது வண்டிக்கு வருவோம். காலை நேரத்தில் போனது நல்லதாகப் போயிற்று. ஏரிமேல் பட்ட வெயில் அங்கிருந்து தெறித்து, வண்டியின் பக்கவாட்டில் தாழ்வாக வந்து விழுந்தது. தகரத்தின் உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல விளக்கு கிடையாது. உச்சி வெயிலில் எல்லா வண்டியும் அழகுதான். தாழ்வாக, சாய்வாக வரும் ஒளி மட்டுமே மேடுபள்ளங்களை எழுப்பிக் காட்டும். தண்ணீர் அசைய அசைய, ஒளிக்கோடுகள் கதவின்மேல் நெளிந்து ஓடின. முன்கதவில் அவை ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போயின. பின்கதவிலும் அப்படியே. பின்சக்கரத்தின் மேல்வளைவுக்கு வந்ததும் ஒரு கோடு தயங்கி, சற்றே உடைந்து, பிறகு தொடர்ந்தது. உள்ளங்கையளவு இடம். அங்கே எப்போதோ இடிபட்டு, டிங்கர் ஒருவர் தட்டி எடுத்து, பட்டி பார்த்து மூடியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் உத்தரபாராவில் அச்சு அழுத்தியபோது எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. நாற்பது வயதை நெருங்கும் ஒரு வண்டியில், அதுவும் கடலோரத்தில், இவ்வளவு நீளத்துக்குப் பட்டி தொடாத தகரம் கிடைப்பது அரிது. நான் என் மனக்கணக்கில் முதல் தொகையை ஏற்றியது அந்த இடத்தில்தான்.

உடல் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜீப், லாரிகளுக்குச் சேசிஸ் தனி, உடல் தனி. கான்டசாவுக்கு அப்படிக் கிடையாது. தகரத்தைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்தக் கூட்டையே எலும்பாகவும் தோலாகவும் ஆக்கியிருக்கிறார்கள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் மூடிய பெட்டிதான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துகிறது. அது உள்ளுக்குள் அரித்துவிட்டால், வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து ஒரு பயனும் இல்லை. எஞ்சினை இறக்கி ஏற்றிவிடலாம்; கியர் பாக்ஸ் மாற்றலாம். எலும்பு மக்கிய வண்டியை மீட்பதற்குள் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: விலையைத் தகரத்துக்குக் கொடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

பழவேற்காட்டுக் காற்று தகரத்துக்கு நண்பன் இல்லை. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இரவில் இறங்கும் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, தகர மடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் வந்தால் ஈரம் போகும், உப்பு போகாது. மறுநாள் இரவு ஈரம் வரும்போது அந்த உப்பே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிப்பு வெளியிலிருந்து உள்ளே போகிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இதைத் தெரிந்தவர் ஒருவரை நண்பர் வரவழைத்திருந்தார். பசியாவரத்துக்காரர், பைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெல்லாம் மரப் படகுகள் குறைந்து பைபர் படகுகள் பெருகின; கூடவே அந்த வேலையும் பெருகியது. கார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால் மண்பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வரத் தொடங்கியபோது, எனக்கு அவருடைய காதின்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. நல்ல தகரம் கிண்ணென்று சொல்லும். பட்டி ஏறிய இடம் தொப்பென்று அடங்கும். நடுவே இன்னும் எத்தனையோ ஓசைகள். கதவின் நடுவில் அகலமான, திறந்த ஓசை. சட்டத்தை நெருங்க நெருங்க அது சுருங்கி உயர்கிறது. கதவடிப் பெட்டியில் வந்தபோது அவர் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், மறுபடி திரும்பி வந்து தட்டினார். ஓசை எங்கும் மாறவில்லை. "உள்ள கெட்டியா இருக்கு தம்பி," என்றார். நான் துணியில் சுற்றிய காந்தத்தை அதே வழியில் இழுத்துப் பார்த்தேன். எங்கும் வழுக்கவில்லை.

டிக்கிக்கு வந்தோம். ஸ்டெப்னி உட்காரும் குழியில் தட்டியவர் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "இங்க தகரம் இல்ல. இது எங்க சரக்கு." குனிந்து பார்த்தால், கறுப்புப் பெயின்டுக்கு அடியில் பைபர் மேட்டின் நார்கள் மெலிதாகத் தெரிந்தன. ரெசின் ஊற்றி, மேட்டை அடுக்கடுக்காக வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் உருட்டி, விளிம்பை மழுங்கத் தேய்த்து முடித்திருக்கிறார்கள். படகுக்குச் செய்கிற அதே பக்குவம். "சுத்தமான வேலை," என்று அவரே பாராட்டினார். பெரியவர் ஒளிக்கவில்லை. "குழியில தண்ணி நின்னு ஓட்டை விழுந்துடுச்சுங்க. அப்ப நம்ம படகுக்காரப் பையன் ஒருத்தன்தான் அடைச்சுக் குடுத்தான்." அந்த ஒட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலையில் அது குறைவுதான். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தே ஆக வேண்டும். ஆனால் தன் கையில் இருந்த வித்தையை, தெரிந்த அளவில், முழு நேர்மையோடு ஒருவர் இந்த வண்டிக்குக் கொடுத்திருக்கிறார். காரும் படகும் ஒரே கரையில் வாழ்ந்த அடையாளம் அது. வெட்டும்போது தூக்கி எறிய வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லி வைத்தேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். டிக்கியின் வாயைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்துக் கழற்றினால், அதற்கு அடியில் இரண்டு தகரங்கள் சேரும் விளிம்பு தெரியும். அந்த விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டக் குழிகள் இருக்கும். தொழிற்சாலையில் இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவே தகரங்களை வைத்து அழுத்தி, மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைத்த தடங்கள் அவை. ஸ்பாட் வெல்டிங். ஒவ்வொன்றும் மிளகளவு. விரல் நுனியை வைத்து நகர்த்தினால் ஏறக்குறைய சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய என்று சொன்னேன், கவனியுங்கள். சில இடத்தில் இரண்டு குழிகள் கொஞ்சம் நெருங்கியிருக்கின்றன. ஒரு மூலையில் ஒன்று லேசாகக் கோணியிருக்கிறது. அந்தக் கருவியைக் கையால் பிடித்து, வளைவோடு வளைந்து நடந்த ஒரு தொழிலாளியின் கை அங்கே தெரிகிறது. இடிபட்ட வண்டிக்கு வேறு தகரம் ஒட்டும்போது பட்டறையில் இந்தக் குழிகள் வராது. தீயால் ஊதிய தழும்போ, பட்டி பூசிய வழவழப்போதான் இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் குழிகள் மூலைவரை தப்பாமல் இருந்தன. பின்னாலிருந்து இந்த வண்டியை யாரும் பெரிதாக இடித்ததில்லை என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியாது. பீடிங்கின் நிழலிலேயே இருந்த முதல் பெயின்டும் கண்ணில் பட்டது. வெளியே வெயிலில் மங்கிய வெள்ளை. உள்ளே பால் நிறத்தில் ஒரு இளம் மஞ்சள் கலந்த, கனிந்த வெள்ளை. மறுபடி பெயின்ட் அடிக்கும்போது நிறம் எடுக்க வேண்டியது இங்கிருந்துதான்.

அடுத்து ஜாக்கி. இது எளிய சோதனை, ஆனால் ஏமாற்ற முடியாதது. கதவு சாத்தியிருக்கும்போது அதைச் சுற்றி ஓடும் இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக, ஒரு சீரான கருங்கோடாக இருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு, அதே கதவைத் திறந்து சாத்துங்கள். எலும்பு தளர்ந்த வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவு எங்காவது உரசும், பூட்டில் விழாது. பெரியவரின் வண்டியில் முன்கதவு தூக்கிய நிலையிலும் ஒரே ஓசையோடு போய் அமர்ந்தது. பழைய கதவுகளின் ஓசைக்கு ஒரு நிறைவு உண்டு. பூட்டு விழும் சிறு ஒலி, அதைத் தொடர்ந்து ரப்பர் அழுந்தும் மெத்தென்ற ஒலி, அவ்வளவுதான். நண்பர் காரணமே இல்லாமல் மறுபடி மறுபடி சாத்திப் பார்த்தார். நானும் தடுக்கவில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேட்டரி வைத்துச் செல்ஃப் அடித்ததும் கொஞ்சம் முனகிவிட்டுப் பிடித்தது. சைலன்சரில் லேசான நீலப் புகை. ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் படியவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது. போரிங் செய்து பிஸ்டன் போட்டால் தீர்ந்தது. லேத் வேலை தெரிந்தவர்கள் அம்பத்தூரிலிருந்து கோவை வரை இருக்கிறார்கள். இந்த நாட்டில் எஞ்சின் ஒரு நாளும் அனாதை ஆவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்தேன்: பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ கான்டசாக்களில் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். இதில் பிறந்த எஞ்சினே இருந்தது. அமெரிக்காவில் பழைய மசில் கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் விலை எங்கோ போகும். இங்கே அந்த வேலையை ஆர்.சி. புத்தகம் செய்கிறது. சேசிஸ் எண்ணின்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் நாள்தோறும் நடக்கும் காரியம்தான். ஆனாலும் தகரத்தில் சுத்தியால் அடித்த எழுத்தின் ஆழம், ஒன்றின் கால் சற்றுச் சரிந்திருப்பது உட்பட, தாளில் அப்படியே இறங்குவதைப் பார்க்கும் மகிழ்ச்சி குறைவதில்லை. புத்தகத்தில் இருந்த எண்ணும் தாளில் வந்த எண்ணும் ஒன்றே.

பெரிய வண்டியின் விலையைச் சின்னப் பொருள்கள்தான் தீர்மானிக்கின்றன என்பதைப் பலர் ஏற்கத் தயங்குவார்கள். முன்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் கண்ணாடி வார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த வண்டியில் எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் ஒரே தயாரிப்பாளரின் சின்னம் பொறித்திருந்தது. ஒன்றுகூட உடைந்து மாறியதில்லை. முகத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வட்ட விளக்குகள், கறுப்பு க்ரில்லில் ஆழப் பதிந்து, புருவம் சுளிக்காத ஒரு நேர்ப்பார்வையோடு இருக்கின்றன. க்ரில்லின் ஒரு குறுக்குச் சட்டம்கூட ஒடியவில்லை. பின்விளக்கின் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த மூடிகளில் ஒரு பக்கம் மட்டும் மயிரிழை விரிசல். டிக்கியின்மேல் 'கான்டசா' என்று எழுதிய உலோகப் பெயர். அதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கவில்லை, யாரோ துடைக்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறார்கள்.

புதுப்பேட்டையின் சந்துகளில் தேடினால் இவற்றில் சில கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இன்னும் சில. கிடைக்காதவையே அதிகம். பெரியவர் உள்ளே போய் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். பழைய பீடிங் துண்டுகள், ஒரு கதவுக் கைப்பிடி, சக்கர மூடிகள், காகிதத்தில் பொதிந்த ஒரு முழு பின்விளக்கு மூடி. அந்த மூடியை எடுத்து ஏரிப் பக்கம் பிடித்தேன். உள்ளே வெட்டியிருந்த நுண்ணிய பட்டைகள் வெளிச்சத்தை நூறாக உடைத்துச் சிவப்பாகத் தெளித்தன. ஒரு பல்பின் ஒளியைப் பின்னால் வருபவரின் கண்ணுக்குக் கொண்டுசேர்க்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! அந்தப் பையை நான் தனியாக விலை மதித்தேன். குறைவாக மதிக்கவில்லை.

கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். முழுதும் சீரான இதே மாதிரி வண்டி 8 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். தகர வேலை 2 லட்சம், பெயின்ட் 1 லட்சம், எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம், ஒயரிங்கும் குஷன் வேலையும் முக்கால் லட்சம் என்றால் மொத்தம் 5 லட்சம். மீதி 3 லட்சம். பிரித்த பிறகே தெரியவரும் சேதம் எப்போதும் இருக்கும்; அதற்குச் செலவில் ஐந்தில் ஒரு பங்காக 1 லட்சம் ஒதுக்கினால், கையில் கொடுக்கக்கூடியது 2 லட்சம். தகரம் கெட்டியாக இருந்தால் தகர வேலைச் செலவும் சேதத்துக்கு ஒதுக்கியதும் சுருங்கும். அந்த மிச்சம் விற்பவருக்குச் சேர வேண்டியது. இத்தனை காலம் வண்டியை மழையிலும் உப்பிலும் காத்தவர் அவர்தானே. இந்த மிச்சத்தை விற்பவருக்கு ஒப்புக்கொள்ளாத பேரத்தை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

காகிதச் செலவையும் மறக்கக் கூடாது. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த 'விண்டேஜ்' பதிவு கான்டசாவுக்கு இப்போது பொருந்தாது. முதல் வண்டிக்கே 2034-ல்தான் அந்த வயது வரும். அரசுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் வண்டியின் வயதைத்தான் பார்க்கும். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் 1990-ம் ஆண்டு கான்டசா ஒன்று இடம்பெற்றிருந்தது. அதற்குக் காட்டிய மதிப்பு சில ஆயிரம் ரூபாய்தான். தேய்மானக் கணக்கில் அது சரியாகவே இருக்கும். ஆனால் தேய்மானக் கணக்குக்கு அந்த இடுப்புக் கோட்டைத் தெரியாது. வட்டக் குழிகளையும் தெரியாது.

நான் சொன்ன தொகையைக் கேட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மனத்தில் வைத்திருந்ததைவிடச் சற்றுக் குறைவு. நண்பர் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். டிக்கிக் குழிக்கு எவ்வளவு கழித்தேன், கதவடிப் பெட்டிக்கு எவ்வளவு கூட்டினேன், கோணிப்பைக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். "பையையும் கணக்குல சேத்தீங்களா?" என்று கேட்டார். சேர்த்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் இளகியது. "அதைச் சேத்தவருகிட்ட குடுக்கலாம்," என்று நண்பரைப் பார்த்துச் சொன்னார். முன்பணம் கை மாறியது.

நண்பரிடம் வேலையின் வரிசையைச் சொல்லிவிட்டு வந்தேன். பெயின்ட் கடைசி. முதலில் கதவடியிலும் டிக்கி மூலைகளிலும் அடைபட்ட வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் மடிப்புகளுக்குள் இருக்கும் உப்பைக் கழுவி, நிழலில் நன்றாக உலர விட வேண்டும். பிறகு டிக்கித் தரை; 20 கேஜ் தகரத்தை அளவெடுத்து, டாலி வைத்துக் கையால் தட்டியே அந்தக் குழியின் வளைவைக் கொண்டுவரும் டிங்கர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போக வேண்டும். பட்டறைக்கு அனுப்பும் முன் முன்கண்ணாடியையும் அந்தப் பின்விளக்கு மூடியையும் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.